ஒரே ஊசியில் இரண்டு தேதிகள்

இன்று காலை பெட்டியைத் திறந்ததும் அந்துருண்டை நாற்றம் மூக்கில் ஏறியது. உனக்கு அது வாசனை, எனக்குத் தலைவலி. அந்துப்பூச்சி வரக் கூடாது என்று ஊரே துணிக்குள் போடுகிற உருண்டையை, ஊசியில் குத்தி வைத்த அந்துப்பூச்சிகளைக் காப்பாற்ற நாம் போட்டு வைக்கிறோம் என்று நான் முதல் முறை சொன்னபோது, மேனாம்பேட்டில் என் வீட்டுச் சமையலறையில் தோசைக் கரண்டியோடு நின்று நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்தது. கூடவே கோபமும் வந்தது. இப்போதெல்லாம் உன்னைப் பற்றி எது நினைவுக்கு வந்தாலும் பின்னாலேயே கோபமும் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிடுகிறது.

செத்தவர்கள் மேல் கோபம் வைக்கக் கூடாது, அவர்கள் போகிற வழி கனமாகிவிடும் என்று உன் அண்ணன் சொன்னார். கனமாகட்டும். எனக்கு மட்டும் இங்கே என்ன இலேசாகவா இருக்கிறது?

விஷயம் இதுதான். நம் பூச்சியைப் பற்றிய கட்டுரையை ஓர் ஆய்விதழ் ஏற்றுக்கொண்டுவிட்டது. உலகத்தில் இதுவரை யாரும் பெயர் வைக்காத ஒரு அந்துப்பூச்சி என்று ஒப்புக்கொண்டுவிட்டார்கள். அச்சுக்குப் போகுமுன் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்கள். முதன்முதலில் கிடைத்த பெண்பூச்சியின் லேபிளில் ஜனவரி பதினாறு என்று இருக்கிறது, கட்டுரையிலோ நவம்பர் பதினொன்று என்று இருக்கிறது. சேகரித்தவர் தேதியை ஏன் மாற்றி எழுதினார் என்பதை ஒரு வரியில் விளக்கவும். ஒரு வரியாம். மூன்று நாளாக அந்த ஒரு வரி எனக்கு வரவில்லை. நாளைக்குள் பதில் போயாக வேண்டும். அதனால்தான் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உன்னைத் திட்ட உட்கார்ந்திருக்கிறேன்.

ஆவடியில் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு நமக்கு. நான் குவார்ட்டர்ஸ் பெண். அப்பா திருநெல்வேலியிலிருந்து பாதுகாப்புத் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். நீ சேக்காட்டுக்காரி, உன் அப்பா கூலிக்கு நடவு நட்ட வயலெல்லாம் மனையாகிவிட, வீட்டுக்கு ஒருவர் கம்பெனி பஸ் ஏறினீர்கள். பிளஸ் டூ முடித்ததும் நான் விலங்கியல் படிக்கப் போனேன். நீ அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏற்றுமதிச் சட்டைக்குக் காலர் தைக்க உட்கார்ந்தாய். நான் எம்.எஸ்சி. முடித்து, ஆராய்ச்சியில் பாதி வரை போய், திருமழிசைப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தபோது உனக்குக் காலரில் பத்து வருஷ அனுபவம். அதை நீ எனக்கு மறக்க விட்டதே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் விரிப்புப் பலகையில் ஒரு பூச்சியின் இறகை விரிக்கப் போராடிக்கொண்டிருந்தேன். மூன்றாவது பூச்சியும் கிழிந்தது. நீ முறுக்கு தின்றுகொண்டே பார்த்துக்கொண்டிருந்தாய். அப்புறம் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "குட்றி இங்க" என்று பிடுங்கிக்கொண்டாய். ஊசி முனையால் நரம்பை மட்டும் தொட்டு இறகை மேலே ஏற்றி, காகிதப் பட்டையால் அழுத்தி, நான்கு நிமிஷத்தில் முடித்தாய். முன்னிறகின் கீழ்விளிம்பு உடம்புக்கு நேர் செங்குத்தாக நின்றது. பாடப்புத்தகப் படத்தில் மட்டும்தான் நான் அப்படிப் பார்த்திருந்தேன். "காலர் முனைய இழுக்கத் தெரிஞ்சவளுக்கு இதெல்லாம் ஒரு வேலையாடி?" என்றாய். அன்றிலிருந்து பூச்சி உனக்கும் சொந்தம்.

வனத்துறை அனுமதிக் கடிதத்தில் என் பெயருக்குக் கீழே உதவியாளர் என்று உன் பெயரைச் சேர்த்தேன். அதை நீ லேமினேட் செய்து வைத்துக்கொண்டாய். மேட்டுப்பாளையம் வரை ரயில், அங்கிருந்து பஸ், கோத்தகிரியைத் தாண்டி சோலைக்காட்டு விளிம்பில் அந்தச் சின்ன ஊர். காட்டுக்குள் விளக்குக் கட்டி, வெள்ளைத் துணி தொங்கவிட்டு விடிய விடிய உட்கார நமக்கு வசதியும் கிடையாது, தைரியமும் கிடையாது. நீதான் வழி கண்டுபிடித்தாய். ராத்திரி முழுக்க எரிகிற ட்யூப் லைட்டுக்கு வந்த பூச்சிகள், விடிந்ததும் அதே சுவரில் தூங்கிப்போய் ஒட்டிக்கொண்டிருக்கும். துடைப்பக்காரம்மாவும் குருவிகளும் வருவதற்கு முன் நாம் போய்விட வேண்டும். அந்த ஊரில் விடிய விடிய விளக்கு எரிகிற ஒரே கட்டடம் பஸ் ஸ்டாண்டுக் கழிப்பறை. நாற்பதைத் தொடப்போகிற இரண்டு பொம்பளைகள் காலை ஆறு மணிக்கு ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் போட்டுக்கொண்டு கழிப்பறைச் சுவரை முகர்ந்து பார்ப்பதுபோல் நின்றதை அந்த ஊர்க்காரர்கள் இன்னும் பேசிக்கொண்டிருப்பார்கள்.

பூச்சியை எடுத்ததும் முக்கோணமாக மடித்த காகிதத்துக்குள் போடுவோம். அதற்கு நீ வைத்த பெயர் சமோசா. அதன் மேல் பென்சிலால் தேதி, இடம், எடுத்தவர் பெயர், எடுத்த இடத்திலேயே நின்று எழுத வேண்டும். வீட்டுக்கு வந்து ஊசியில் குத்தி இறகு விரித்தபின், அதைப் பார்த்து மையில் ஒரு சின்ன லேபிள் எழுதி ஊசியிலேயே கோப்போம். அப்புறம் சமோசாவைத் தூக்கிப் போட்டுவிடலாம். நம் தொழிலில் வேதம் என்று ஏதாவது இருந்தால் அந்த லேபிள்தான். எங்கே, எப்போது என்று தெரியாத பூச்சி வெறும் தூசி. இதை உனக்குச் சொல்லிக்கொடுத்தது நான். என்னைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொண்டது நீ. ஒருமுறை நான் ரயிலில் வந்து எழுதிக்கொள்ளலாம் என்று சொன்னதற்கு, "அப்ப பூச்சிய ரயில்ல புட்ச்சேன்னு எழுதிக்கோ" என்று மூஞ்சியைத் திருப்பிக்கொண்டவள் நீ.

அப்படிப்பட்டவள் எழுதிய லேபிள் இது. சின்னச் சின்ன எழுத்து, நூல் பிடித்த மாதிரி நேர்வரி. ஜனவரி பதினாறு. பொய்.

அந்த வருஷம் பொங்கல் விடுமுறைக்குத்தான் நாம் சேர்ந்து முதல் முறையாக மலைக்குப் போனோம். உறைபனி. சுவரில் அதிகம் ஒன்றும் இல்லை. திரும்பி வந்து பத்து நாள் கழித்து எல்லாவற்றையும் விரித்துப் பெட்டியில் அடுக்கிக் கொடுத்தாய். அதில் சாம்பல் நிறத்தில், ஒரு ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிதாக, இறகுக்குக் குறுக்கே மெல்லிய பச்சைக் கோடு ஓடிய ஒரு பூச்சி இருந்தது. மற்றதைவிட அதன் உடம்பு சுருங்கியிருந்தது. கேட்டேன். வருகிற வழியில் காய்ந்துவிட்டது என்றாய். இதை எந்தச் சுவரில் எடுத்தோம், எனக்கு ஞாபகமே இல்லையே என்றேன். "உனக்கு இன்னாதான் ஞாபகம் கீது? கண்ணாடிய தலைல வெச்சிகினே தேடுறவ" என்றாய். நான் சிரித்துவிட்டேன். ஒரு விஞ்ஞானி சிரித்துவிட்டுக் கடந்துபோன இடம் அது. அந்தத் தப்பு என்னுடையது. அதை உன் கணக்கில் எழுதவில்லை.

ஒரு வருஷம் கழித்து, இந்தப் பூச்சிகளிலேயே ஆயுளைக் கழித்த ஒரு பெரியவருக்குப் படம் அனுப்பினேன். புதிய இனமாக இருக்கலாம், ஆனால் ஒரே ஒரு பெண்பூச்சியை வைத்துக்கொண்டு ஒன்றும் எழுத முடியாது, ஆண்பூச்சி வேண்டும், அதன் உறுப்புகளைப் பிரித்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்றார். எந்த மாதம் கிடைத்தது என்று கேட்டார். லேபிளைப் பார்த்து ஜனவரி என்றேன். அப்படியானால் ஜனவரியிலேயே போய்த் தேடுங்கள் என்றார். நான் பூந்தமல்லி பஸ்ஸில் நின்றுகொண்டே உனக்கு போன் செய்து கத்தினேன். கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நீ, மெஷின் ஓடுது, அப்பறம் பேசறேன் என்று போனை வைத்துவிட்டாய். சந்தோஷத்தில் வாயடைத்துப் போயிருக்கிறாய் என்று நினைத்தேன். நான் அவ்வளவு கெட்டிக்காரி.

அதற்குப் பிறகு மூன்று பொங்கல். உன் வீட்டில் பொங்கல் பானையை இறக்கிய கையோடு பையைத் தூக்கிக்கொண்டு ரயிலேறினோம். மூன்று முறையும் குளிரில் பல் கிட்டித்துப்போய் அதே சுவரில் தேடினேன். நீயும் பக்கத்தில் நின்று தேடினாய். இல்லாத பூச்சியை, இருக்காது என்று தெரிந்துகொண்டே, என்னோடு சேர்ந்து தேடினாய். மூன்றாவது முறை நான் கழிப்பறைப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். ஆராய்ச்சியைப் பாதியில் விட்டவள் என்று கல்லூரியில் என்னைச் சொல்லுவார்கள், இதுவாவது முழுதாக முடியும் என்று நினைத்தேன் என்றெல்லாம் உளறினேன். நீ தேநீர் வாங்கி வந்து கையில் கொடுத்துவிட்டு, "பூச்சிதானடி, உடு" என்றாய். அப்போதாவது சொல்லியிருக்கலாமே.

ஆனால் ஒன்று. அனுமதிக் கடிதம் வந்த முதல் ஐப்பசியிலிருந்தே நீ திரும்பத் திரும்ப ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தாய். "ஐப்பசி மழையில ஒரு தபா போலாம்டி. மழையிலதான் புதுசு புதுசா வரும்." ஐப்பசியில் எனக்கு செமஸ்டர் தேர்வு, விடைத்தாள் கட்டு. உனக்கு கம்பெனியில் லீவே கிடையாது. லேபிள் ஜனவரி என்று சொல்லும்போது நவம்பரில் போய் மழையில் நனைய எனக்கென்ன பைத்தியமா என்று கேட்டேன். சேக்காட்டுத் தெருவில் தேங்கியிருந்த தண்ணீரில் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் போய்விட்டாய்.

உண்மையை நான் எப்படித் தெரிந்துகொண்டேன் என்று சொல்கிறேன் கேள். நீ போய் நாற்பது நாள் கழித்து உன் அண்ணன் வந்தார். வாசலிலேயே நின்று, பையிலிருந்து உன் ஊசி டப்பாவை எடுத்து நீட்டினார். "இத உன்னாண்ட குட்த்துட சொல்லிச்சுமா. ஆஸ்பத்திரில படுத்துகினு இருக்கசொல்ல ரெண்டு மூணு தபா சொல்லிச்சு. நான்தான் காரியத்துல மறந்துட்டேன்" என்றார். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துக் காபி கொடுத்தேன். டப்பாவைத் திறந்தேன். பூச்சி ஊசிகள், இடுக்கி, உன் பாதித் தேய்ந்த பென்சில். அடியில், நாலாக மடித்த ஒரு துணித்துண்டுக்குள் ஒரு காலி சமோசா. மேலே உன் பென்சில் எழுத்து. நவம்பர் பதினொன்று, கோத்தகிரி தாண்டி, பஸ் ஸ்டாண்டு பாத்ரூம் சுவர், மழை. கீழே உன் பெயர். உள்ளே சாம்பல் செதில்கள் ஒட்டியிருந்தன. ஒரே ஒரு செதில் பச்சை.

நான் அதையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு அண்ணன் எட்டிப் பார்த்தார். "அந்த மழையில நீதானேமா கூட்டிகினு போன? கம்பெனிக்கு ஜொரம்னு சீட்டு குட்த்துட்டு, உன்கூட போறேன்னுதானே எங்களாண்ட சொல்லிச்சு" என்றார்.

எனக்கு நீ சொன்னது திருத்தணியில் அத்தை வீட்டுக்குப் போகிறேன் என்று. கம்பெனிக்குக் காய்ச்சல், வீட்டுக்கு நான், எனக்கு அத்தை. மூன்று பேருக்கு மூன்று பொய் சொல்லிவிட்டு, நான் வர மறுத்த மழைக்கு நீ தனியாகப் போயிருக்கிறாய். நம் அனுமதிக் கடிதத்தில் உன் பெயர் இருந்தது, அதை லேமினேட் செய்து பையில் வைத்திருந்தாய், அது போதும் என்று நினைத்திருப்பாய். அந்தப் பச்சைக் கோட்டைச் சுவரில் முதலில் பார்த்தவள் நீ. தனியாக நின்று, நனைந்து, பார்த்திருக்கிறாய். அதைச் சொல்லி என் முகத்தில் சந்தோஷத்தைப் பார்க்கக்கூட உனக்குக் கொடுத்துவைக்கவில்லை. இதற்காக உன்மேல் எனக்குள்ள கோபம் வேறு. அது கொஞ்சம் அழுகையோடு சேர்ந்த கோபம்.

தேதியை ஏன் மாற்றினாய் என்பதை அன்று ராத்திரியே கூட்டிப் பார்த்துவிட்டேன். அந்த வருஷம் எங்கள் கல்லூரியில் கண்காட்சி வைத்தோம். நம் பெட்டியும் மேசைக்கு வந்தது. அதற்கு முந்தின வாரம் நீ கேட்டாய், "இந்தச் சீட்டையெல்லாம் வர்றவங்க படிப்பாங்களா? எங்க ஹெச்.ஆர். மேடம் பொண்ணு உன் காலேஜ்லதானே காமர்ஸ் படிக்குது." எறும்பு சைஸ் எழுத்தை யார் படிக்கப் போகிறார்கள் என்று நான் சொன்னேன். நீ எழுத்தை நம்புகிறவள். எழுதினால் யாராவது படிப்பார்கள் என்று நினைத்தாய். பூச்சியையும் விட மனசில்லை, வேலையையும் விட முடியாது. அதனால் நவம்பரில் பிடித்ததை இரண்டு மாசம் டப்பாவுக்குள் வைத்திருந்து, பொங்கல் பூச்சிகளோடு கலந்து, ஜனவரி ஆக்கிவிட்டாய். என்னிடம் சொன்னால் நிஜத் தேதியைத்தான் எழுதச் சொல்வேன் என்று என்னிடமும் மறைத்துவிட்டாய். அந்த நவம்பர் லீவு முடிந்து நீ திரும்பிப் போனபோது, கணுக்காலில் அட்டை கடித்த தழும்பைப் பார்த்துவிட்டு சூப்பர்வைசர் துருவித் துருவிக் கேட்டான் என்று நீயே சொல்லியிருக்கிறாய். கொசுக்கடி அலர்ஜி என்று சமாளித்தாயாம், என்னிடம் அது அத்தை வீட்டுக் கொசு. ஷிப்மெண்ட் நேரத்தில் இன்னொரு முறை மெடிக்கல் லீவு கேட்டால் வேலையை மறந்துவிட வேண்டியதுதான் என்று எச்சரித்து அனுப்பினார்களாம். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாய்.

இங்கேதான் எனக்குத் தலை வெடிக்கிறது. லேபிளைக்கூட மன்னித்துவிடுவேன். மூன்று பொங்கலையும் மன்னிக்கலாம். ஆனால் அந்தப் பொய்க் காய்ச்சலுக்குப் பயந்து, நிஜமான வலி வந்தபோது நீ வாயைத் திறக்கவில்லை. ஏழு மாதம். அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏழு மாதம் காலர் தைத்தாய். நான் கேட்டபோதெல்லாம் சூடு என்றாய், வெந்தயம் ஊறப்போட்டுக் குடிக்கிறேன் என்றாய். லைனில் உனக்குப் பக்கத்து மெஷின்காரி உன் அண்ணனிடம் சொன்னாளாம், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நீ துணி மூட்டைகளுக்குப் பின்னால் படுத்துக்கொள்வாயாம். அப்போதும் லீவு கேட்கவில்லை. ஏற்கெனவே ஒரு முறை பொய் சொல்லிவிட்டோமே, இப்போது சொன்னால் யார் நம்புவார்கள் என்று பயந்திருக்கிறாய். மயங்கி விழுந்து தூக்கிக்கொண்டு போனபோது புற்று கர்ப்பப்பையைத் தாண்டிப் பரவியிருந்தது. டாக்டர் என்னைப் பார்த்து, படித்தவர்கள் பக்கத்தில் இருந்துமா இவ்வளவு நாள் விட்டீர்கள் என்று கேட்டார். உன் கம்பெனி வாசலில் போய் நின்று கத்தினேன். வாட்ச்மேன் என்னை உள்ளே விடவில்லை. கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு லாரியில் அட்டைப்பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன.

ஆஸ்பத்திரியில் கடைசியாக நீ என்னிடம் பேசியது என்ன தெரியுமா? என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐப்பசில போடி. ஒரு தபா போய்ட்டு வா" என்றாய். நான் என்ன சொன்னேன்? இந்த நிலைமையிலும் பூச்சியா, வாயை மூடிக்கொண்டு படு என்றேன். நீ மூடிக்கொண்டாய். நான் சொன்னதை நீ கேட்ட ஒரே சந்தர்ப்பம் அதுதான்.

போன ஐப்பசியில் போனேன். தேர்வு நேரத்தில் கல்லூரியில் லீவு தரமாட்டார்கள் என்று தெரியும். பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் மெட்ரோ பள்ளத்துக்கு எதிரே இருக்கிற கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் தலைநிமிராமலே காய்ச்சல், நான்கு நாள் ஓய்வு என்று எழுதிக் கிழித்துக் கொடுத்தார். அவ்வளவு சுலபம். பெயர் என்ன என்று மட்டும்தான் கேட்டார்.

அந்தச் சுவரில், அடைமழையில், விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் நான்கு ஆண்பூச்சிகள் இருந்தன. கதவுக்கு மேலே மூன்று, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒன்று. பச்சைக் கோடு பெண்ணைவிட அழுத்தமாக இருந்தது. வாய்விட்டு உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். உள்ளேயிருந்து ஒரு அம்மா, ஆள் இருக்கு என்றார்.

சமோசாவில் எழுதப் பென்சிலை எடுத்தேன். தேதி போடப் போன கை நின்றுவிட்டது. இந்தத் தேதியில் நான் காய்ச்சலாகப் படுத்திருக்கிறேன். கட்டுரை வந்தால் ஒரு பிரதி பிரின்சிபாலுக்குப் போகும். வருஷ அறிக்கைக்காக ஆசிரியர்கள் எழுதியதையெல்லாம் அவரே ஒரு வரி விடாமல் படிப்பார். ஞாயிற்றுக்கிழமைத் தேதியைப் போட்டுவிட்டால் என்ன, நான்கு நாள்தானே வித்தியாசம், பூச்சிக்கு என்ன தெரியப் போகிறது என்று என் புத்தி எனக்கே சொன்னது. அடியே, அந்த ஒரு நிமிஷம் நீ நின்ற இடத்தில் நான் நின்றேன். பிறகு நிஜத் தேதியை எழுதினேன். உன்னைவிட நான் நல்லவள் என்பதால் இல்லை. பொய்த் தேதி என்ன செய்யும் என்பதை உன்னை எரித்துவிட்டு வந்து தெரிந்துகொண்டவள் என்பதால்.

ஊருக்கு வந்ததும் பிரின்சிபால் உடம்பு இப்போது எப்படி இருக்கிறது என்று அக்கறையாக விசாரித்தார். தேவலை சார் என்றேன்.

ஆண்பூச்சிகளைப் பிரித்துப் பார்த்த பெரியவர் புதிய இனம்தான் என்று உறுதியாகச் சொன்னார். கட்டுரையை நானும் அவரும் சேர்ந்து எழுதினோம், முதல் பெயர் என்னுடையது. உன் பெண்பூச்சியைப் பற்றி உண்மையைச் சொன்னபோது மட்டும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. அதை விட்டுவிடுங்கள், நான்கு ஆண்பூச்சிகளே போதும், லேபிள் பொய் என்றால் அந்தப் பூச்சி குப்பை, நம் பெயரும் சேர்ந்து கெடும் என்றார். அவர் சொன்னதில் தப்பு இல்லை. நானே என் மாணவிகளுக்கு அதைத்தான் சொல்லுவேன். ஆனால் அதை விட்டால் இந்தக் கட்டுரையில் நீ எங்கேயும் இல்லை. சேர்த்தால் பொய் சொன்னவளாகத்தான் இருப்பாய். உன்னை இல்லாமல் ஆக்குவதா, பொய்க்காரியாக நிறுத்துவதா என்று ஒரு மாதம் நான் பட்ட பாட்டுக்கு நீதான் காரணம்.

சேர்த்தேன். இருந்தது இருந்தபடி இருக்கட்டும் என்று சேர்த்தேன். அதற்கு மேலே போய் இனத்துக்கே உன் பெயரையும் வைத்தேன். கண்டுபிடித்தவர் தன் பெயரைத் தானே வைத்துக்கொள்ளும் வழக்கம் இதில் இல்லை, இன்னொருவர்தான் வைக்க வேண்டும் என்று நான் முன்பு சொன்னபோது, "என் பேர கிர வெச்சுடாத. எங்க தெருவுலயே அந்தப் பேர்ல அஞ்சு பேரு கீறாங்க" என்றாய். இப்போது ஆறு.

நம் தொழிலில் இன்னொரு வழக்கம் உண்டு, உனக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டிய அவசியம் வராமலே போனது. பழைய லேபிள் தப்பு என்று தெரிந்தாலும் அதை ஊசியிலிருந்து கழற்றக் கூடாது. திருத்தத்தை வேறொரு லேபிளில் எழுதி, அதற்குக் கீழே கோக்க வேண்டும். பின்னால் வருகிறவர்கள் இரண்டையும் பார்த்துத் தாங்களே முடிவு செய்துகொள்ளட்டும் என்பதற்காக. இன்று காலை அதைத்தான் செய்தேன். உன் பூச்சி, அதற்குக் கீழே நூல் பிடித்த எழுத்தில் உன் ஜனவரி, அதற்கும் கீழே கோணல்மாணலான என் கையெழுத்தில் நவம்பர். உன் சமோசாவும் கூடவே அருங்காட்சியகத்துக்குப் போகிறது. தூக்கிப் போட வேண்டியதை நீ துணியில் சுற்றி வைத்திருந்தாயே, அந்த ஒன்றுக்காகத்தான் உன்னை முழுக்க வெறுக்க முடியவில்லை. லேபிளில் பொய் எழுதிய அதே கை பென்சில் எழுத்தை அழிக்காமல் விட்டது.

எங்கள் லேப் உதவியாளர் பெண் போன வாரம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றாள். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். அவளை ஆட்டோவில் ஏற்றி டாக்டரிடம் அனுப்பிவிட்டு, அவள் லீவு விண்ணப்பத்தை நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எனக்கு இப்போது கோபக்காரி என்று பெயர். இந்தக் கோபம் நீ விட்டுப்போனது. பத்திரமாக வைத்திருக்கிறேன்.

சரி, அந்த ஒரு வரி. இதோ எழுதிவிட்டேன். சேகரித்தவர் அந்த வாரம் மருத்துவ விடுப்பில் இருந்தார்; காட்டில் இருந்தது தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயந்து லேபிளில் வேறு தேதி எழுதினார். படித்துப் பார்த்தேன். உண்மைதான். ஆனால் நீ மட்டும் தனியாக, அந்தச் சுவருக்கு எதிரே நனைந்துகொண்டு நிற்பது மாதிரி இருந்தது. அதனால் கீழே இன்னொரு வரி சேர்த்தேன். ஆண்பூச்சிகளைச் சேகரித்த நாட்களில் கட்டுரையின் முதல் ஆசிரியரும் மருத்துவ விடுப்பில் இருந்தார்.

பெரியவருக்கு அனுப்பியதும் போன் செய்தார். "இதையெல்லாம் யாரும்மா கேட்டா?" என்றார்.

"யாரும் கேக்கல சார்" என்றேன்.

கட்டுரை வந்ததும் ஒரு பிரதியை பிரின்சிபால் மேசையில் நானே கொண்டுபோய் வைப்பேன். அந்தப் பக்கத்தை மடித்தே வைப்பேன், தேடிக் கஷ்டப்பட வேண்டாம். மெமோ வரும். வரட்டும். நீ இருந்திருந்தால் இந்நேரம் போன் செய்து என்ன சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியும். பூச்சிதானடி, உடு என்பாய்.

விடமாட்டேன்.